நன்றியும் அனுமதியும்: இதழ்ப் படைப்புகளை மறுபதிப்புச் செய்வதில் ஆய்வாளரின் கடமை

முன்னுரை

தமிழ் இதழ்களை முதன்மைத் தரவாகக் கொண்ட ஆய்வுகள் இன்று எல்லாத் தமிழ்த் துறைகளிலும் நிகழ்ந்து வருகின்றன. நூலாக்கம் பெறாத சிறுகதைகள், தொடர்கட்டுரைகள், மதிப்புரைகள், வாசகர் கடிதங்கள் எனப் பழைய இதழ்களின் பக்கங்களில் கிடப்பனவற்றைத் தேடியெடுத்துத் தொகுப்பது ஆய்வாளர்களின் விருப்பப் பணியாகிவிட்டது. இப்பணியின் பயனை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும், தேடியெடுத்ததை மீண்டும் அச்சிடுவதற்கு யாரிடம் அனுமதி பெறவேண்டும் என்னும் வினா நம் ஆய்வு முறையியல் நூல்களிலும் நெறியாளர் அறிவுரைகளிலும் உரிய இடத்தைப் பெறவில்லை. முன்னுரையின் இறுதியில் இதழின் பெயரைச் சுட்டி நன்றி கூறிவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணமே பரவலாக நிலவுகிறது.

நன்றியும் அனுமதியும் வேறுவேறு. நன்றி, பெற்றுக்கொண்டபின் சொல்வது. அனுமதி, எடுப்பதற்குமுன் கேட்பது. அனுமதி தேடும் பணியை ஆய்வுக்குப் புறத்தேயுள்ள அலுவல் நடைமுறையாகக் கருதாமல், மூலபாடத்தை உறுதிசெய்யும் ஆய்வுப் பணியின் ஒரு கூறாகவே கொள்ளவேண்டும் என்பது இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து. அதற்கு முதற்கண், எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம், யாரிடம் கேட்கவேண்டும் என்பவற்றை வரையறுத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது.

அனுமதி வேண்டாத இடங்கள்

அனுமதி குறித்த அறியாமை இருவகையில் தீங்கு செய்கிறது. கேட்கவேண்டிய இடத்தில் கேளாமை ஒன்று; கேட்கத் தேவையில்லாத இடத்தில் அஞ்சி ஒதுங்குதல் மற்றொன்று. இரண்டாவதை முதலில் தெளிவுபடுத்தலாம்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவு, ஆய்வு உள்ளிட்ட சொந்தப் பயன்பாட்டிற்கும், திறனாய்வு அல்லது மதிப்புரைக்கும் ஒரு படைப்பை நியாயமான முறையில் கையாள்வதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. ஒரு சிறுகதையின் கட்டமைப்பை விளக்க அதிலிருந்து சில பத்திகளை மேற்கோள் காட்டவும், ஒரு கவிதையின் சொல்லாட்சியை ஆராய அதன் அடிகளை எடுத்தாளவும் யாருடைய இசைவும் தேவையில்லை. ஆசிரியர் பெயரையும் படைப்பின் பெயரையும் சுட்டுதல் வேண்டும். எத்தனை சொற்கள்வரை எடுத்தாளலாம் என்றோ, இத்தனை விழுக்காடு என்றோ சட்டம் எண்ணிக்கை எதையும் வகுக்கவில்லை. துறைகளில் வாய்மொழியாக உலவும் விழுக்காட்டுக் கணக்குகளுக்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை. எடுத்தாண்ட பகுதி திறனாய்வுக்குப் பணிசெய்கிறதா, அன்றிப் படைப்பையே படிப்பதற்கு மாற்றாக நின்றுவிடுகிறதா என்பதே கருதத்தக்கது.

இவ்வெல்லையை உறுதியாகப் பற்றிநிற்க வேண்டிய தேவை நமக்கு உண்டு. ஓர் எழுத்தாளரைக் கடுமையாகத் திறனாய்வு செய்யும் ஆய்வேட்டுக்கு அவருடைய குடும்பத்தாரின் இசைவு வேண்டும் என்ற நிலை ஏற்படுமானால் திறனாய்வு என்ற ஒன்றே இராது. அனுமதி பெறும் பண்பை வலியுறுத்துவோர் இதனையும் சேர்த்தே வலியுறுத்த வேண்டும்.

அனுமதி வேண்டும் இடங்கள்

ஒரு படைப்பை முழுமையாக மீண்டும் வெளியிடும்போது நிலைமை மாறுகிறது. தமிழ் ஆய்வுச் சூழலில் இது மூன்று இடங்களில் நேர்கிறது.

முதலாவது, தொகுப்பு நூல். இதனை விளக்கவேண்டியதில்லை.

இரண்டாவது, ஆய்வேட்டின் பின்னிணைப்பு. கிடைத்தற்கரிய கதைகளையும் கட்டுரைகளையும் முழுமையாகப் பின்னிணைப்பில் சேர்ப்பது நெடுநாளைய வழக்கம். ஆய்வேடு சில கட்டமைத்த படிகளாகத் துறையிலும் பல்கலைக்கழக நூலகத்திலும் இருந்த காலத்தில் அப்பின்னிணைப்பைக் கண்டவர் சிலரே. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு நெறிமுறைகள் ஆய்வேடுகளின் மின்படியை அளிக்க வேண்டுமென வகுத்தன. அவை சோத்கங்கா தளத்தில் எவரும் தரவிறக்கிக்கொள்ளும் வகையில் இடப்பெறுகின்றன. அன்று நூலகத்தின் அடுக்கில் இருந்த பின்னிணைப்பு இன்று உலகெங்கும் பரவும் வெளியீடாகிவிட்டது. ஆய்வேட்டின் இயல்பு இவ்வாறு மாறியிருக்க, பின்னிணைப்பு வழக்கம் மட்டும் மாறாமல் தொடர்கிறது.

மூன்றாவது, பாடநூல். பகுதி 1 தமிழுக்கெனக் கல்லூரிகளும் துறைகளும் வெளியிடும் செய்யுள் திரட்டுகளிலும் சிறுகதைத் திரட்டுகளிலும் இதழ்களில் வெளிவந்த இக்காலப் படைப்புகள் இடம்பெறுகின்றன. கல்விப் பயன்பாட்டிற்குச் சட்டம் விலக்களிக்கிறது என்பது உண்மை. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கிய ராமேஸ்வரி நகலகத்தின்மீது பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில் 2016ஆம் ஆண்டு தில்லி உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகள், பாடத்திட்டத்திற்குரிய பகுதிகளை மாணவர்க்காக நகலெடுத்துத் தொகுப்பதைக் கற்பித்தலின் பகுதியாகக் கண்டன. ஆனால் அச்சிட்டு விலைக்கு விற்கும் திரட்டு வேறு. அதற்கெனச் சட்டத்தில் தனி விதி உள்ளது. முதன்மையாகப் பதிப்புரிமை இல்லாத பகுதிகளால் அமைந்த, கல்விக்கென்றே ஆக்கப்பட்ட தொகுப்பில், உரிமையுள்ள படைப்புகளிலிருந்து சிறு பகுதிகளைச் சேர்க்கலாம். அதுவும் ஒரே ஆசிரியரின் படைப்புகளிலிருந்து ஒரே வெளியீட்டாளர் ஐந்தாண்டுக் காலத்தில் இரு பகுதிகளுக்குமேல் வெளியிடலாகாது. முழுச் சிறுகதை ஒன்றினைச் சிறு பகுதி என வாதிடுதல் அரிது. சங்கப் பாடல்களும் பக்திப் பாடல்களும் நிறைந்த செய்யுள் திரட்டுக்குப் பொருந்தும் விதி, இக்காலச் சிறுகதைகளால் மட்டுமே அமைந்த திரட்டுக்குப் பொருந்தாது.

யாரிடம் கேட்பது?

அனுமதி பெற முனையும் ஆய்வாளர் பெரும்பாலும் முதலில் நாடுவது இதழ் அலுவலகத்தை. இதழ் நின்றுபோயிருந்தால் கேட்பதற்கு ஆளில்லை என்று முடிவுசெய்து விடுகிறார். இரண்டுமே பிழையான தொடக்கம்.

ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதனை இயற்றியவரே என்பது சட்டத்தின் பொதுவிதி. இதழுக்குத் தபாலில் கதை அனுப்பிய எழுத்தாளர் அக்கதையை அவ்விதழில் வெளியிட இசைந்தார் என்பதற்குமேல் எதையும் கொடுத்துவிட்டதாகக் கொள்ளமுடியாது. உரிமையை மாற்றிக்கொடுக்க எழுத்தில் அமைந்து கையொப்பமிட்ட ஆவணம் வேண்டும். இதழ் கொடுத்த சன்மானம் உரிமையின் விலை ஆகாது. சிறுபத்திரிகைகளிலோ சன்மானமும் இல்லை, ஆவணமும் இல்லை.

இதழில் ஊதியம் பெற்றுப் பணியாற்றிய துணையாசிரியர்களின் எழுத்து குறித்துச் சட்டம் நுட்பமான வேறுபாடு ஒன்றைச் செய்கிறது. மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்து, பணியின் பகுதியாக இதழுக்கென எழுதியவற்றை இதழில் வெளியிடும் உரிமை இதழ் உரிமையாளருக்கு உரியது. ஏனைய எல்லா வகையிலும் முதல் உரிமை எழுதியவருக்கே உரியது. 17ஆம் பிரிவின் இவ்விதியின்படி, இதழ் ஊழியர் எழுதிய தொடர்கட்டுரையை நூலாக்கும் உரிமைகூட எழுதியவரிடமே நிற்கும். எழுத்தில் உரிமை மாற்றம் நிகழ்ந்திருந்தாலும் அதன் காலத்தையும் எல்லையையும் பார்க்க வேண்டும். 1994ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் செய்யப்பட்ட உரிமை மாற்றத்தில் காலம் குறிக்கப்படவில்லையெனில் அது ஐந்தாண்டுக்கே செல்லும்.

எனவே இதழ் நின்றுபோனதால் உரிமை மறைந்துபோவதில்லை. இதழ் இன்றும் நடப்பதாலேயே அதன் ஆசிரியர் அனுமதி போதுமானதாகவும் ஆவதில்லை. இதழாசிரியரிடம் கேட்பது மரியாதை. பல வேளைகளில் எழுத்தாளரைக் கண்டறிய அதுவே வழியும் ஆகும். ஆனால் இசைவு தரவேண்டியவர் எழுத்தாளர். அவர் மறைந்திருந்தால் அவருடைய வாரிசுகள் அல்லது அவரிடமிருந்து எழுத்துமூலம் உரிமை பெற்றவர். இதழில் இடம்பெற்ற ஓவியம், கேலிச்சித்திரம், ஒளிப்படம் ஆகியவற்றின் உரிமை தனியே நோக்கத்தக்கது. கதையாசிரியரின் இசைவு ஓவியரின் இசைவாகாது. மொழிபெயர்ப்புக் கதையாயின் மூல ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் என உரிமை இரு நிலைகளில் அமைகிறது.

ஓர் இதழ், பல கணக்குகள்

இதழ் ஆய்வாளர்க்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்று உண்டு. தனியொரு எழுத்தாளரை ஆராய்பவர் ஒரே ஒரு மறைவாண்டைத் தெரிந்துகொண்டால் போதும். இதழைத் தொகுப்பவரோ பலருடைய வாழ்க்கைக் குறிப்புகளை அறிந்திருக்க வேண்டும். 1933இல் தொடங்கிய மணிக்கொடியின் சிறுகதைக் கட்டத்திலிருந்து ஒருவர் கதைகளைத் தொகுக்க முனைகிறார் எனக் கொள்வோம். ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் என்பது இன்றைய சட்டத்தின் பொதுக் கணக்கு. 1944இல் மறைந்த கு.ப.ராஜகோபாலனின் கதைகளுக்கு அக்காலம் 2004இன் இறுதியிலும், 1948இல் மறைந்த புதுமைப்பித்தனின் கதைகளுக்கு 2008இன் இறுதியிலும் முடிந்துவிட்டது. 1976இல் மறைந்த ந.பிச்சமூர்த்திக்கு 2036வரையும், 1983இல் மறைந்த பி.எஸ்.ராமையாவுக்கு 2043வரையும், 1985இல் மறைந்த மௌனிக்கு 2045வரையும் அக்கணக்கு நீள்கிறது. ஒரே இதழில், ஒரே காலப்பகுதியில் அச்சான கதைகளுக்கிடையே நாற்பதாண்டு வேறுபாடு. இதழ் பழையது, ஆகவே எல்லாம் பொதுவுடைமை என்ற எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதற்கு இவ்வொரு சான்றே போதும்.

தமிழ்நாட்டில் இக்கணக்கை மாற்றும் மற்றொரு காரணியும் உள்ளது. பாரதியின் படைப்புகளுக்கான உரிமையை 1949இல் அரசு பெற்றுப் பின்னர் பொதுமக்களுக்கு உரியதாக்கியது தொடங்கி, எழுத்தாளர் பலருடைய படைப்புகள் குடும்பத்தார்க்குத் தொகை வழங்கி நாட்டுடைமையாக்கப்பட்டு வருகின்றன. அவ்வாறு நாட்டுடைமையான படைப்பைக் காலம் முடியும்வரை காத்திராமல் வெளியிடலாம். ஆகவே தொகுப்பாளர் ஒவ்வொரு பெயருக்கும் மறைவாண்டு, நாட்டுடைமை நிலை ஆகிய இரண்டையும் தனித்தனியே சரிபார்த்தல் வேண்டும்.

புனைபெயர்கள் இக்கணக்கை மேலும் சிக்கலாக்குகின்றன. பெயரின்றியோ புனைபெயரிலோ வெளிவந்த படைப்புக்கு வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள்; ஆனால் அக்காலம் முடிவதற்குள் எழுதியவர் இன்னார் என்பது முறையாக வெளிப்பட்டுவிட்டால் ஆசிரியரின் மறைவிலிருந்து கணக்கிட வேண்டும். ந.பிச்சமூர்த்தி பிக்ஷு என்ற பெயரில் எழுதியதைப் போன்று, ஆள் இன்னார் என எல்லோரும் அறிந்த புனைபெயர்களால் தொல்லையில்லை. ஓரிரு இதழ்களில் மட்டும் தோன்றி மறைந்த பெயர்களே கடினமானவை. அவற்றுள் ஆண்கள் பெண் பெயரில் எழுதியவையும் உண்டு. பெண்கள் தம்மை மறைத்துக்கொண்டு எழுதியவையும் இருக்கக்கூடும். ஒரு புனைபெயரின் பின்னிருப்பவரை அடையாளம் காணும் ஆய்வு முடிவு, இலக்கிய வரலாற்றோடு நில்லாமல் ஒரு குடும்பத்தின் உரிமையையும் தொடுகிறது. இதனை ஆய்வாளர் உணர்ந்திருத்தல் நன்று.

கடல் கடந்த தமிழ் இதழ்களை ஆராய்வோர்க்கு இன்னொரு நிலை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு அறிவுசார் சொத்துச் சட்டம் ஆசிரியரின் மறைவுக்குப்பின் 70 ஆண்டுகள் உரிமையளிக்கிறது; மலேசியச் சட்டம் 50 ஆண்டுகள் அளிக்கிறது. 1966இல் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் தொடங்கிய மல்லிகை போன்ற இதழ்களிலிருந்து ஒரு தொகுப்பைச் சென்னையில் அச்சிட்டு யாழ்ப்பாணத்திலும் விற்க விரும்புவோர் இரு நாட்டுக் கணக்கையும் பார்த்தாக வேண்டும். நூலகம் மின்னூலகத்திலோ தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ ஓர் இதழ் படிக்கக் கிடைக்கிறது என்பது அதனை எவரும் மறுபதிப்புச் செய்யலாம் என்பதற்குச் சான்றாகாது. படிக்கத் திறந்திருத்தல் வேறு. அச்சிடும் உரிமை வேறு.

தேடலின் பயன்

இத்துணைக் கணக்குகளையும் ஆய்வாளர் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்கலாம். இவற்றுள் எதுவும் ஆய்வுக்குப் புறம்பான சுமையன்று என்பதே என் மறுமொழி. எழுதியவர் யார், அவர் எப்போது மறைந்தார், எப்பெயரில் எழுதினார், படைப்பு அவருடையதா மொழிபெயர்ப்பா, பின்னர் நூலில் சேர்ந்ததா என்னும் வினாக்கள் மூலபாடத் திறனாய்வாளன் எவ்வாறாயினும் எழுப்பவேண்டியவை. உரிமையாளரைத் தேடுவோர் இவ்வினாக்களுக்கு விடை காணாமல் ஓரடியும் நகர முடியாது.

என் ஆய்வுக்கென ஓர் எழுத்தாளரின் குடும்பத்தார்க்கு, இதழில் மட்டுமே வெளிவந்த அவருடைய கதையொன்றை மறுபதிப்புச் செய்ய அனுமதி கேட்டு எழுதினேன். இசைவுக் கடிதத்துடன் ஒரு நகலும் வந்தது. இதழில் அச்சான பக்கங்களின்மீதே எழுத்தாளர் தம் கையெழுத்தில் திருத்தங்கள் செய்திருந்தார். இறுதிப் பத்தி முழுவதையும் அடித்திருந்தார். நூலகத்திலுள்ள இதழ்ப் படியை மட்டும் பார்த்து அச்சிட்டிருந்தால், ஆசிரியரே வேண்டாமென நீக்கிய முடிவை அவருடைய முடிவாக நிலைநிறுத்தியதாகியிருக்கும். எந்தப் பாடத்தை மூலமாகக் கொள்வது, மற்றதை எவ்வாறு குறிப்பில் காட்டுவது என்பது அதன்பின் என் ஆய்வின் வினாக்களுள் ஒன்றாயிற்று. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் மறைமலையடிகள் நூலகமும் காத்துவைத்திருப்பவை இதழ்கள். அவ்விதழ்களில் எழுதியோரின் கையெழுத்துப்படிகளும் திருத்தப்படிகளும் கடிதங்களும் மிகுதியும் வீடுகளிலேயே உள்ளன. அனுமதிக் கடிதம் அவ்வீடுகளின் கதவைத் தட்டுகிறது.

உரிமை குறித்த கடமையும் இதில் அடங்கும். உரிமையை மாற்றிக்கொடுத்த பின்னும் படைப்பு தம்முடையது எனக் கூறவும், தம் பெயருக்கு இழுக்கு நேரும் வகையில் அதனைச் சிதைப்பதைத் தடுக்கவும் ஆசிரியருக்குள்ள சிறப்புரிமையைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு காக்கிறது. தொகுப்பாளர்கள் தம் விருப்பப்படி தலைப்பை மாற்றுவதும், வட்டாரச் சொற்களைத் ‘திருத்துவதும்’, பத்திகளைச் சுருக்குவதும் இவ்வுரிமையோடு மோதக்கூடியவை. பதிப்பு நேர்மையும் சட்டக் கடமையும் இவ்விடத்தில் ஒன்றே.

சில மறுப்புகள்

சிறுபத்திரிகை மரபு பகிர்ந்துகொள்ளும் மரபு. அங்கே உரிமை பேசுவது அதன் இயல்புக்கு மாறானது என்பர் சிலர். 1959இல் சி.சு.செல்லப்பா தொடங்கிய எழுத்து இதழில் வந்த கவிதைகளிலிருந்து 1962இல் புதுக்குரல்கள் தொகுப்பு உருவானது. அத்தொகுப்பைச் செய்தவர் இதழை நடத்தியவரே. கவிஞர்களோடு நாளும் கடிதத்தொடர்பில் இருந்தவர். அந்நெருக்கமே அங்கு அனுமதியின் இடத்தில் நின்றது. இன்று தொகுப்பவர் அவ்விதழோடும் எழுத்தாளரோடும் எத்தொடர்பும் இல்லாத பிறர். பகிர்தல் என்னும் பண்பு எழுத்தாளர் தாமாகக் கொடுப்பதில் இருக்கிறது. பிறர் கேளாமல் எடுப்பதற்கு அது பெயராகாது.

கேட்டால் மறுத்துவிடுவார்கள், அல்லது பெருந்தொகை கேட்பார்கள் என்பது இரண்டாவது மறுப்பு. மறுப்பு வரக்கூடும். அப்போதும் ஆய்வாளருக்கு மேற்கோள் உரிமை இருக்கிறது; விரிவான கதைச்சுருக்கம், பாட வேறுபாட்டுக் குறிப்பு, இதழ்-மாதம்-பக்கம் சுட்டிய அடைவு ஆகியவற்றுக்கு யாரும் தடைசெய்ய இயலாது. தொகை கேட்பதைக் குறையாகக் கருதவும் காரணமில்லை. தாளுக்கும் அச்சுக்கும் கட்டமைப்புக்கும் பணம் கொடுக்கும் பதிப்பு முயற்சியில், எழுதியவர்க்கு மட்டும் நன்றி போதும் என்பது முறையாகாது.

உரிமையாளரைக் கண்டறியவே முடியவில்லையெனில் என் செய்வது என்பது மூன்றாவது. இதுவே மெய்யான இடர். ஆசிரியர் மறைந்தோ, அறியப்படாமலோ, கண்டறிய இயலாமலோ உள்ளபோது வெளியீட்டு உரிமம் கோர 31அ பிரிவு வழிசெய்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இதனை ஏற்கெனவே வெளிவந்த படைப்புகளுக்கும் விரித்தது. ஆனால் விண்ணப்பிக்குமுன் நாட்டின் பெரும்பகுதியில் பரவிய ஆங்கில நாளிதழ் ஒன்றில் அறிவிப்புச் செய்யவேண்டும். மொழிபெயர்ப்பை வெளியிடுவதாயின் அம்மொழி நாளிதழிலும் அறிவிக்க வேண்டும். மூலமொழியிலேயே வெளியிடுவதாயின் அம்மொழி நாளிதழில் அறிவிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தமிழ்க் கதையைத் தமிழில் மறுபதிப்புச் செய்ய, தமிழ் எழுத்தாளரின் குடும்பத்தைத் தேடும் அறிவிப்பு ஆங்கில நாளிதழில் வெளிவந்தால் போதும். அவர்கள் படிக்கும் தமிழ் நாளிதழில் வரவேண்டியதில்லை. மேலும், பதிப்புரிமை வாரியத்தின் பணிகள் 2017இல் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்துக்கும், அவ்வாரியம் 2021இல் கலைக்கப்பட்டபின் வணிக நீதிமன்றங்களுக்கும் சென்றன. உதவித்தொகையில் வாழும் ஆய்வாளர் ஒருவர் ஒற்றைக் கதைக்காக ஆங்கில நாளிதழ் விளம்பரச் செலவையும் நீதிமன்ற நடைமுறையையும் மேற்கொள்வார் என எதிர்பார்ப்பதற்கில்லை. தனியாளால் இயலாத இதனைத் துறைகள் கூட்டாகச் செய்தல் இயலும்.

துறைகள் செய்யத்தக்கவை

முதலாவதாக, இதழ்களைத் தரவாகக் கொள்ளும் ஆய்வேடுகளின் முறையியல் பகுதியில் உரிமை நிலைப் பட்டியல் ஒன்று இடம்பெற வேண்டும். படைப்பின் பெயர், இதழ், நாள், ஆசிரியரின் இயற்பெயர், மறைவாண்டு, நாட்டுடைமை நிலை, பெற்ற அனுமதியின் விவரம் என்பவை அதில் அடங்கும். அனுமதி கிட்டாத படைப்பைப் பின்னிணைப்பில் முழுமையாகச் சேர்க்காமல், அது எந்த நூலகத்தில் எந்த இதழில் உள்ளது என்னும் அடைவைத் தரலாம். பின்வரும் ஆய்வாளர்க்கு அதுவே போதிய உதவி.

இரண்டாவதாக, துறைதோறும் மாதிரி அனுமதிக் கடிதம் ஒன்று இருத்தல் வேண்டும். உரிமம் எழுத்தில் அமைவதே சட்டத்தின் நெறி. தொலைபேசியில் பெற்ற வாய்மொழி இசைவு பின்னாளில் நினைவுக்கு வாராது. எந்தப் படைப்பு, எந்தப் பயன்பாடு, அச்சிலா மின்வடிவிலா இரண்டிலுமா, எத்தனை படிகள், எத்தனை ஆண்டுகள், ஆசிரியர் பெயர் எவ்வாறு இடம்பெறும், தொகை உண்டா என்பன தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும். வாரிசுகள் பலராயின் அனைவரது ஒப்பமும் பெறுதல் நன்று.

மூன்றாவதாக, உரிமையாளர் பதிவேடு ஒன்றைத் தமிழ்த் துறைகள் கூட்டாகப் பேணலாம். ஓர் ஆய்வாளர் இரண்டாண்டு அலைந்து கண்டறிந்த குடும்பத்தை அடுத்த ஆய்வாளர் மீண்டும் முதலிலிருந்து தேடும் நிலை வீண். குடும்பத்தாரின் முகவரிகளைப் பொதுவெளியில் இடாமல், துறையின் வழியே கடிதம் சென்றுசேரும் ஏற்பாடு போதுமானது. தேடியும் கிடைக்காதவர் பெயர்களைத் தொகுத்துத் தமிழ் நாளிதழ்களிலும் இதழ்களிலும் ஆண்டுக்கொருமுறை அறிவிப்புச் செய்தால், 31அ பிரிவு கேட்காததையும் நாம் செய்தவர்களாவோம். அப்பிரிவின் அறிவிப்பு படைப்பின் மொழியிலும் அமையவேண்டும் எனத் திருத்தம் கோரும் தகுதியும் அப்போது நமக்கு உண்டாகும்.

நான்காவதாக, நம் ஆய்விதழ்களிலிருந்தே இம்மாற்றம் தொடங்கவேண்டும். கட்டுரை வேறெங்கும் வெளிவராதது என்னும் உறுதிமொழியை ஆய்விதழ்கள் ஆசிரியரிடம் பெறுகின்றன. வெளிவந்தபின் அக்கட்டுரையின் உரிமை யாரிடம் நிற்கும், அதனை ஆசிரியர் தம் நூலில் சேர்க்கலாமா, இதழ் அதனை வேறொரு தொகுப்பில் வெளியிடலாமா என்பவற்றை எழுத்தில் கூறும் ஆய்விதழ்கள் எத்தனை? இரண்டு வரிகளில் அடங்கக்கூடிய குறிப்பு இது. இன்று அதனை எழுதிவைக்காவிடில், ஐம்பதாண்டு கழித்து நம் கட்டுரைகளைத் தொகுக்க விரும்பும் ஆய்வாளர் இன்று நாம் நிற்கும் அதே இடத்தில் வந்து நிற்பார்.

நிறைவாக

இதழ்ப் பக்கங்களில் மறைந்துகிடக்கும் எழுத்தை மீட்பது தமிழாய்வின் தலையாய பணிகளுள் ஒன்று. திறனாய்வுக்காக மேற்கோள் காட்ட எவர் இசைவும் வேண்டியதில்லை என்பதிலும், முழுப்படைப்பை வெளியிட எழுதியவரின் இசைவு வேண்டும் என்பதிலும் நாம் ஒருசேர உறுதியாக இருத்தல் வேண்டும். இதழைக் கேட்பதோடு நின்றுவிடாமல் எழுத்தாளரையும் அவர் குடும்பத்தாரையும் நாடிச்செல்லும் ஆய்வாளர், அனுமதியோடு பெயரும் காலமும் பாடமும் பற்றிய புதிய செய்திகளையும் பெற்றுத் திரும்புகிறார். முன்னுரையின் இறுதியில் வரும் நன்றி அப்போதுதான் பொருளுடையதாகும். உரிமை நிலைப் பட்டியலை ஆய்வேட்டின் கட்டாயக் கூறாக்குவது குறித்துத் துறைகளின் பாடத்திட்டக் குழுக்களும் ஆய்வுக் குழுக்களும் வரும் கல்வியாண்டிலேயே ஆராய்ந்து முடிவெடுத்தல் வேண்டும்.